புதைத்த இடம் தெரியாத இளவரசர்: ஓவைன் கிளின்டூர்

கோடை விடுமுறை தொடங்கினால் பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? கடற்கரை பார்த்தாயிற்று, மிருகக்காட்சிச்சாலை பார்த்தாயிற்று. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேல்ஸ் பக்கம் போவோம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே போனால் கோட்டைகள். கொன்வி, கார்னார்வன், போமாரிஸ், ஹார்லெக். இந்த நான்கையும் 1986 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நுழைவுச்சீட்டு வாங்கி, கோபுரம் ஏறி, படம் எடுத்து, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதியை மதிலடியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் போய் வந்தேன்.

இந்தக் கோட்டைகளைக் கட்டியவர் யார் என்பது அங்கிருக்கும் பலகைகளில் தெளிவாக எழுதியிருக்கும். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வேர்ட். 1282 டிசம்பரில் வேல்ஸின் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டு, அவருடைய தலை லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே ஹார்லெக்கில் கல் வெட்டத் தொடங்கினார்கள். 1289 அளவில் வேலை முடிந்தது. சவோய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனாரின் கைவண்ணம் அது. மதிலுக்குள் மதில், வாசலுக்குள் வாசல். அன்றைக்குக் கடல் பாறையின் அடிவரைக்கும் வந்தது. கடலோரத்திலிருந்து கோட்டைக்கு 108 படிகள். நிலப்பக்கம் முழுவதும் எதிரி சூழ்ந்து நின்றாலும் கப்பலில் அரிசி பருப்பு, அதாவது அவர்களுடைய கோதுமையும் உப்பிட்ட இறைச்சியும், மேலே ஏற்றிவிடலாம். 1294 இல் வெல்ஷ் மக்கள் கிளர்ந்தபோது நாற்பது பேருக்கும் குறைவான காவலர்கள் இந்தப் படிகளின் புண்ணியத்தில் கோட்டையைக் காப்பாற்றினார்கள். இன்று கடல் பின்வாங்கிவிட்டது. பாறையின் கீழே ரயில் பாதையும், அப்பால் கோல்ஃப் திடலும் மணல்மேடுகளும்தான் தெரிகின்றன.

இவையெல்லாம் ஒரு நாட்டு மக்களை அடக்கி வைக்கக் கட்டப்பட்ட கட்டடங்கள். மதில்களின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இது எனக்கு நெடுநாள் உறைக்கவில்லை. இரண்டாவது முறை ஹார்லெக் போனபோதுதான், இதே கோட்டையைப் பிடித்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தன் வீடாகவும் அரசவையாகவும் வைத்திருந்த ஒரு வெல்ஷ்காரரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஓவைன் கிளின்டூர். வேல்ஸில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். லண்டனில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியாது.

ஓவைன் 1350களில் பிறந்தவர். தந்தை வழியில் போவிஸ் நாட்டின் பழைய அரச பரம்பரை, தாய் வழியில் தெற்கு வேல்ஸின் அரச பரம்பரை. ஆனால் அவர் பிறந்த காலத்தில் அந்தப் பரம்பரைகளுக்கு முடியும் இல்லை, நாடும் இல்லை. மிஞ்சியது பெயரும் கொஞ்சம் காணியும்தான். இளமையில் லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்தார். மன்னரின் நீதிபதிகளில் ஒருவரான டேவிட் ஹன்மரின் மகள் மார்கரெட்டை மணந்தார். 1384 இலும் 1385 இலும் இங்கிலாந்துப் படையில் சேர்ந்து ஸ்கொட்லாந்து எல்லைக்குப் போனார். 1387 இல் கடற்போருக்கும் போனார். சுருங்கச் சொன்னால், ஆள்கிறவர்களின் மொழியைப் படித்து, அவர்களின் சட்டத்தைப் படித்து, அவர்களின் படையில் நின்று, அவர்களோடு சம்பந்தமும் செய்துகொண்ட ஒரு மரியாதையான குடும்பத்தலைவர். இப்படிப்பட்டவர்கள் கிளர்ச்சி செய்வார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அவருடைய வீடு சிகார்த் என்ற இடத்தில் இருந்தது. இன்றைய இங்கிலாந்து எல்லைக்கு மிக அருகே. இயோலோ கோக் என்ற புலவர் அந்த வீட்டைப் புகழ்ந்து ஒரு நீண்ட பாடல் பாடியிருக்கிறார். அகழி சூழ்ந்த மேட்டில் மரத்தாலான வீடு, ஓடு வேய்ந்த கூரை, புகை வெளியேறப் புகைபோக்கி, வளவில் ஆலை, புறாக்கூடு, மீன் குளம், மான்கள் மேயும் நிலம். பட்டியலை வாசிக்கும்போது ஏதோ காணி உறுதி வாசிப்பது போலவே இருக்கும். அதில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒன்றுதான். அந்த வீட்டின் கதவுகளுக்குப் பூட்டு இல்லையாம். வந்தவர்கள் பசியோடு திரும்பியது இல்லையாம். புலவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். என்றாலும் பூட்டைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இந்த வாழ்க்கை குலைந்தது ஒரு காணிப் பிரச்சினையால். பக்கத்துப் பிரபு ரெஜினோல்ட் கிரே, ரிதின் கோட்டைக்காரர், ஓவைனின் நிலத்தில் ஒரு பகுதியைத் தன்னுடையது என்றார். அதோடு, ஸ்கொட்லாந்துப் போருக்கு வரும்படி மன்னர் அனுப்பிய ஓலையை வேண்டுமென்றே காலம் கடத்திக் கொடுத்து, ஓவைனைத் துரோகி போலக் காட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. மன்னர் நான்காம் ஹென்றி அப்போதுதான், 1399 இல், தன் உறவினரான இரண்டாம் ரிச்சர்டிடமிருந்து முடியைப் பறித்திருந்தார். கிரே அவருக்கு வேண்டியவர். முறைப்பாடு பாராளுமன்றத்துக்குப் போனபோது, வெல்ஷ்காரரை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று ஓர் ஆயர் எச்சரித்தார். வெறுங்கால் கூட்டத்துக்கு யார் பயப்படப் போகிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் சிரித்ததாக வரலாறு. அந்த ஆயர், ஜோன் ட்ரெவர், நான்கு ஆண்டுகள் கழித்து ஓவைனின் பக்கமே வந்து சேர்ந்தார்.

1400 செப்டெம்பர் 16 ஆம் திகதி, தன்னுடைய இன்னொரு காணியான கிளின்டவர்துவியில், ஒரு சிறிய கூட்டம் ஓவைனை வேல்ஸின் இளவரசர் என்று அறிவித்தது. அங்கே நின்றவர்கள் சகோதரர், மகன், மைத்துனர்கள், சில ஊரவர்கள். இரண்டு நாள் கழித்து ரிதின் நகரம் எரிந்தது.

ஒரு காணித் தகராறு எப்படி ஒரு நாட்டின் போராக மாறியது? அதற்கான விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. கோட்டைகளைச் சுற்றி எட்வேர்ட் அமைத்த நகரங்களில் ஆங்கிலேயக் குடியேற்றக்காரர்களுக்குத்தான் உரிமை. வெல்ஷ்காரர் சந்தைக்கு வரலாம், குடியிருக்க முடியாது. கொன்வியிலும் கார்னார்வனிலும் நகரைச் சுற்றி ஓடும் நீண்ட மதிலின் மேல் இன்று நாங்கள் பிள்ளைகளோடு நடக்கிறோமே, அந்த மதில் அதற்காகத்தான் எழுந்தது. கிளர்ச்சி தொடங்கியதும் பாராளுமன்றம் 1401 இலும் 1402 இலும் தண்டனைச் சட்டங்களை இயற்றியது. வெல்ஷ்காரர் அந்த நகரங்களில் காணி வாங்கக்கூடாது. பதவி வகிக்கக்கூடாது. ஆயுதம் தாங்கக்கூடாது. அனுமதியின்றிக் கூட்டம் கூடக்கூடாது. ஊர் ஊராகப் போகும் பாணர்கள் பாடக்கூடாது. வெல்ஷ்காரரின் சாட்சியத்தை வைத்து ஆங்கிலேயரைத் தண்டிக்கக்கூடாது. வெல்ஷ் பெண்ணை மணந்த ஆங்கிலேயர்கூடப் பதவி இழப்பார். கிளர்ச்சியை அடக்கவென்று வந்த சட்டம் தயங்கி நின்றவர்களையும் ஓவைனிடம் அனுப்பி வைத்தது.

அந்தக் காலத்துப் பாராளுமன்றப் பதிவுகளில் ஒரு முறைப்பாடு இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துக்கொண்டிருந்த வெல்ஷ் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்களாம். இங்கிலாந்தின் வயல்களில் கூலிவேலை செய்த வெல்ஷ்காரர்கள் வில்லும் வாளும் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டுகிறார்களாம். 1401 இல் எழுதிய முறைப்பாடு அது. இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். ஏன் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1401 ஏப்ரல் முதலாம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமை. கொன்வி கோட்டையின் காவலர்களில் பெரும்பாலானோர் தேவாலயத்தில் இருந்தார்கள். தச்சு வேலைக்கு வந்தவர்கள் போல் நடித்து ஒரு சிறு குழு உள்ளே நுழைந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டது. தலைமை தாங்கியவர்கள் ரீஸ், குவிலிம் என்ற டியுடர் சகோதரர்கள். ஓவைனின் தாயின் சகோதரியுடைய பிள்ளைகள், ஆகவே எங்கள் முறைப்படி அவருக்குத் தம்பிமார். இது வீரக்கதையாகச் சொல்லப்படுவது வழக்கம். முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில மாதங்களில் கோட்டையைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புப் பெற்றபோது, உடன்பாட்டின் விலையாகத் தங்களோடு நின்ற ஒன்பது பேரைக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஒன்பது பேரும் கொல்லப்பட்டார்கள். ரீஸ் பின்னர் மீண்டும் கிளர்ச்சியில் சேர்ந்து 1412 இல் செஸ்டரில் தூக்கிலிடப்பட்டார்.

1402 ஓவைனின் ஆண்டு. அந்த வசந்தத்தில் வானில் வால்வெள்ளி தெரிந்தது, அதை நல்ல சகுனம் என்று புலவர்கள் பாடினார்கள். ரெஜினோல்ட் கிரே பிடிபட்டார். அவரை விடுவிக்க 10,000 மார்க் மீட்புப்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜூன் 22 ஆம் திகதி பிரின் கிளாஸ் என்ற குன்றில் எட்மண்ட் மோர்ட்டிமரின் பெரிய படை தோற்றது. அந்தப் படையிலிருந்த வெல்ஷ் வில்லாளிகள் போரின் நடுவே பக்கம் மாறியதுதான் காரணம். மோர்ட்டிமர் சிறைப்பட்டார். கிரேயை மீட்டுக்கொண்ட மன்னர் மோர்ட்டிமரை மீட்க மறுத்தார். ஏனென்றால் மோர்ட்டிமரின் அண்ணன் மகனுக்கு இங்கிலாந்து முடியின் மேல் மன்னரைவிட நல்ல உரிமை இருந்தது. கைவிடப்பட்ட கைதி தன்னைப் பிடித்தவரின் மகள் கத்ரினை மணந்தார். அந்தத் திருமணத்தில் அரசியல் எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று ஆண்கள் எழுதிய வரலாறுகள் சொல்லவில்லை. கத்ரினின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1403 மே மாதம், மன்னரின் மகன் ஹென்றி, பதினாறு பதினேழு வயது இளவரசர், சிகார்த்துக்குப் படையோடு வந்தார். வீட்டில் ஆளில்லை. எரித்தார். பிறகு கிளின்டவர்துவிக்குப் போய் அதையும் எரித்தார். செய்த வேலையைத் தந்தையின் அவைக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். 1960களில் அகழ்ந்தபோது எரிந்த மரத்தின் எச்சங்கள் கிடைத்தன. இன்றைக்கு அது புல் மூடிய மேடு. கோபுரமோ நுழைவுச்சீட்டோ தேநீர்க்கடையோ இல்லை. எட்வேர்டின் கோட்டைகள் நிற்கின்றன, பூட்டில்லாத வீடு நிற்கவில்லை. வேல்ஸுக்குப் போகிறவர்கள் முடிந்தால் இந்த மேட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வீட்டை எரித்த அந்த இளவரசர் அதே ஆண்டு ஜூலையில் ஷ்ரூஸ்பரி போரில் முகத்தில் அம்பு தைத்து உயிர் தப்பினார். பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாக அஜின்கோர்ட் வெற்றியால் புகழ்பெற்றவர் அவர்தான். வேல்ஸில் பழகிய முற்றுகைப் போரைத்தான் பிரான்சில் நடத்தினார்.

1404 இல் அபெரிஸ்ட்வித் கோட்டையும் ஹார்லெக் கோட்டையும் ஓவைனிடம் வீழ்ந்தன. மதில் உடையவில்லை. நீண்ட முற்றுகையில் உள்ளிருந்தவர்கள் பசியாலும் நோயாலும் குறைந்து, கடைசியில் சரணடைந்தார்கள். வீடிழந்த குடும்பம் ஹார்லெக்குக்குக் குடிவந்தது. மார்கரெட், மகள்மார், மருமகன் மோர்ட்டிமர், பேரப்பிள்ளைகள். வேல்ஸை அடக்கக் கட்டிய கோட்டையின் உட்சுவர்களுக்குள் வெல்ஷ் மொழி வீட்டு மொழியானது. ஹார்லெக்கின் பெரிய வாயில் மாளிகையில் இன்றும் கணப்படுப்புகளின் குழிகள் சுவரில் தெரியும். அங்கே நிற்கும்போது படைகளைப் பற்றி எனக்கு யோசனை வரவில்லை. குளிர்காலத்தில் அந்தக் குழந்தைகளை எந்த அடுப்பருகே படுக்க வைத்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

அதே ஆண்டு மகன்லெத் என்ற சிற்றூரில் ஓவைன் ஒரு பாராளுமன்றத்தைக் கூட்டினார். 1405 இல் ஹார்லெக்கிலும் கூட்டினார். தன் மைத்துனரையும் தலைமை அமைச்சரையும் பாரிஸுக்கு அனுப்பி 1404 ஜூலையில் பிரெஞ்சு மன்னரோடு உடன்படிக்கை செய்தார். 1405 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை மில்ஃபர்ட் ஹேவனில் இறங்கி, ஓவைனின் படையோடு சேர்ந்து இங்கிலாந்துக்குள் வூஸ்டர் அருகே வரை போனது. அங்கே இரண்டு படைகளும் நேருக்கு நேர் நின்றன. பெரிய போர் நடக்கவில்லை. உணவு தீர்ந்து பின்வாங்கினார்கள். அயலவர்களின் உதவி எப்போதும் அவர்களுடைய கணக்குப்படிதான் வரும், அவர்களுடைய கணக்குப்படிதான் போகும். பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த ஆண்டுக்குள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஆனால் அந்த உறவிலிருந்து மிஞ்சிய ஒரு கடிதம் ஓவைனின் வாழ்வில் எந்தப் போரைவிடவும் பெரியது என்பது என் எண்ணம். 1406 மார்ச் 31 ஆம் திகதி பென்னல் என்ற ஊரிலிருந்து பிரெஞ்சு மன்னருக்கு அவர் எழுதியது. அப்போது கத்தோலிக்க உலகத்தில் இரண்டு பாப்பரசர்கள். பிரான்ஸ் ஆதரிக்கும் பாப்பரசரைத் தானும் ஏற்பதாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாகத் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறார். வேல்ஸின் திருச்சபை கன்டர்பரியின் கீழ் இல்லாமல் தனித்து நிற்க வேண்டும். வேல்ஸின் கோயில்களுக்கு அந்நாட்டு மொழி தெரிந்த குருமாரையே நியமிக்க வேண்டும். வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக வேல்ஸுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும்.

இந்தக் கடிதம் எழுதும்போது போர் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. முந்தைய ஆண்டு மே மாதம் அஸ்க் நகரின் அருகே நடந்த சண்டையில் சகோதரர் டியுடர் இறந்தார். மூத்த மகன் குருஃபித் பிடிபட்டு லண்டன் கோபுரத்துக்குப் போனார். பிடிபட்ட முந்நூறு பேரை அஸ்க் கோட்டையின் முன்னால் தலை வெட்டினார்கள் என்று அந்த ஊரில் பிறந்த வரலாற்றாசிரியர் அடம் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு மனிதர் பல்கலைக்கழகம் கேட்கிறார். கேட்டது கிடைக்க ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் எடுத்தன. அபெரிஸ்ட்வித்தில் முதற் கல்லூரி 1872 இல் திறந்தது. வேல்ஸ் பல்கலைக்கழகம் 1893 இல் உருவானது. கடிதத்தின் மூலப்பிரதி இன்றும் பாரிஸில், பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஓவைனைக் குறையில்லாத மனிதராகக் காட்ட நான் விரும்பவில்லை. அவருடைய படைகள் எரித்த நகரங்களில் வெல்ஷ்காரர்களும் இருந்தார்கள். கார்டிஃப் எரிந்தது. அவரை எதிர்த்து மன்னரோடு நின்ற வெல்ஷ் குடும்பங்களும் உண்டு. டாவித் காம் போன்றவர்களை இன்று துரோகி என்று சொல்வது எளிது. அவர்களுக்கும் காணியும் பிள்ளைகளும் இருந்தன. இரண்டு பக்கப் படைகளும் மாறி மாறிப் போன வழியெல்லாம் பயிர் அழிந்தது. மன்னரின் படை ஸ்ட்ராட்டா புளோரிடா மடாலயத்தைக் குதிரை கட்டும் இடமாக்கியது. பத்து வருடப் போருக்குப் பிறகு பல மாவட்டங்களில் வரி அறவிட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

1408 இல் அபெரிஸ்ட்வித் மீண்டும் மன்னரிடம் போனது. ஹார்லெக்கைப் பீரங்கிகளோடு சூழ்ந்தார்கள். 108 படிகளின் கீழே இப்போது மன்னரின் கப்பல்கள் நின்றன. எட்வேர்டின் காவலர்களைக் காப்பாற்றிய கடல் ஓவைனின் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. முற்றுகையின்போது மோர்ட்டிமர் உள்ளேயே இறந்தார். 1409 இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. மார்கரெட், மகள்மார், கத்ரினின் பிள்ளைகள் எல்லோரையும் லண்டன் கோபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓவைன் அங்கே இல்லை. அவர் மலைகளில் இருந்தார்.

கோட்டையின் முற்றத்தில் வைத்து இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஏன் வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று. வரமுடியாது, சுற்றிவரப் படை நின்றது என்றேன். அப்படியானால் தானும் சரணடைந்திருக்கலாமே என்றாள். சரணடைந்திருந்தால் கொன்றிருப்பார்கள் என்றேன். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் பதில் அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

ஓவைன் கடைசியாகப் பகிரங்கமாகத் தெரிந்தது 1412 இல். அந்த ஆண்டு பழைய எதிரி டாவித் காமைப் பதுங்கியிருந்து பிடித்து மீட்புப்பணம் வாங்கினார். அதோடு மறைந்துவிட்டார். தலைக்கு விலை இருந்தது. நாடு தோற்றிருந்தது, மக்கள் வறுமையில் கிடந்தார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். யாரும் திறக்கவில்லை. 1413 இல் ஐந்தாம் ஹென்றி மன்னரானார். தான் எரித்த வீட்டின் சொந்தக்காரருக்கு 1415 இல் மன்னிப்பு வழங்க ஆள் அனுப்பினார். 1416 இல் மகன் மரெடித் மூலமாக மறுபடி அனுப்பினார். பதில் வரவில்லை. ஒருவேளை அப்போது அவர் உயிரோடு இல்லை. 1415 இல் இறந்தார் என்று அஸ்க் ஊர் அடம் எழுதுகிறார். இரவில் புதைத்தார்கள், எதிரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆகவே தோண்டி எடுத்து வேறிடத்தில் மறுபடி புதைத்தார்கள் என்கிறார். அந்த வேறிடம் எது என்பது இன்றுவரை தெரியாது. மரெடித் 1421 இல் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்.

கடைசி நாட்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்னொரு மகள் அலிஸ் எல்லைப்புறத்தில், ஹெரிஃபோர்ட்ஷயரில், ஜோன் ஸ்கூடமோர் என்ற ஆங்கிலேய வீரரை இரகசியமாக மணந்திருந்தார். இந்த ஸ்கூடமோர் 1403 இல் மன்னரின் பக்கம் நின்று, மலையுச்சியில் இருக்கும் கரெக் கென்னன் கோட்டையை ஓவைனிடமிருந்து காத்தவர். அதே மருமகனின் கென்ட்சேர்ச் வீட்டில்தான் முதியவர் ஒளிந்திருந்தார் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 1433 இல், ஓவைனின் மகளை மணந்தவர் என்ற காரணத்துக்காகவே ஸ்கூடமோரின் பதவிகளைப் பறித்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது. மாமனார் மறைந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. 1624 இல்தான் அதை நீக்கினார்கள்.

இதற்கிடையில் வரலாறு ஒரு வேடிக்கையும் செய்தது. கொன்வியைப் பிடித்த டியுடர் சகோதரர்களுக்கு மரெடித் என்று இன்னொரு சகோதரர் இருந்தார். அவருடைய மகன் ஓவன் டியுடர், ஐந்தாம் ஹென்றி இறந்த பிறகு அவருடைய விதவையான அரசி கத்தரினை மணந்தார். அவர்களின் பேரன் 1485 இல் ஏழாம் ஹென்றியாக இங்கிலாந்தின் முடியைச் சூடினார். வெறுங்கால் கூட்டம் என்று சிரித்த பாராளுமன்றத்தை அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது அந்தக் குடும்பம். அதனால் வெல்ஷ் மொழிக்கு நன்மை கிடைத்ததா என்றால் இல்லை. எட்டாம் ஹென்றி காலத்தில்தான் நீதிமன்றத்திலிருந்தே அந்த மொழியை வெளியேற்றினார்கள். அதைக் காப்பாற்றியது அரசர்கள் அல்ல. கோயிலிலும் வீட்டிலும் பேசிக்கொண்டே இருந்தவர்கள்தான். 2021 குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெல்ஷ் பேசுகிறார்கள். ஹார்லெக் கடைத்தெருவில் நின்றால் காதில் விழும்.

கத்ரினைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். கோபுரத்துக்குள் போனவர்களில் அண்ணன் குருஃபித் முன்னரே நோயால் இறந்துவிட்டார். 1413 இறுதிக்குள் கத்ரினும் அவருடைய பெண் பிள்ளைகளும் இறந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்று எழுதவில்லை. அடக்கச் செலவுக்கு ஒரு பவுண் கொடுத்த கணக்கு மட்டும் அரச பதிவேட்டில் இருக்கிறது. லண்டன் நகரத்துக்குள் புனித சுவிதின் தேவாலயத்தின் வளவில் புதைத்தார்கள். அந்தத் தேவாலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. பழைய கல்லறை நிலத்தில் ஒரு சிறு துண்டு இப்போது தோட்டமாக இருக்கிறது, சுற்றிவர அலுவலகக் கட்டடங்கள். 2001 இல் அங்கே கத்ரினுக்காக ஒரு கல் நாட்டினார்கள். போர்களில் துன்பப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான நினைவுக்கல் அது.

ஹார்லெக்குக்குக் காரில் போக ஐந்து ஆறு மணித்தியாலம் எடுக்கும். இந்தத் தோட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கனன் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி வீதியைக் கடந்தால் சில நிமிட நடை. வேலைக்குப் போகும் வழியில் அந்த நிலையத்தால் தினமும் வந்துபோகிற எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.